பூப்போட்ட கதவு

மாப்பிள்ளை கியூஹோ ஏதோ நல்ல சேதி சொல்வதுபோலத்தான் போனில் சொன்னான். ஃபிரிட்ஜ் கொஞ்ச நாளாகச் சரியாகக் குளிரவில்லை; ஆனால் மாமா கவலைப்படவே வேண்டாம், வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வாரண்டி இருக்கிறது, கம்பெனி சர்வீஸ் சென்டரில் சொல்லியாயிற்று, நாளை மத்தியானம் ஆள் வருகிறான். மாடல் நம்பர் கேட்டார்களாம், மகள் யோண்டு படம் எடுத்து அனுப்புகிறேன் என்றிருக்கிறாளாம். இத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான். பழைய வாஷிங் மெஷின் ஒன்றின் வயிற்றுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்த மான்சொக் அப்படியே வெளியே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வாரண்டியாவது ஒன்றாவது! அந்த ஃபிரிட்ஜ் புதிதாக இருந்தால்தானே வாரண்டி இருக்கும்?

விஷயம் தெரிந்த ஒரே ஆள் மனைவி போக்ஹீ. கடைக்குப் பின்னால் இருந்த சமையலறையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள், கணவன் முகத்தில் ஈயாடவில்லை என்பதைக் கண்டாள், என்ன ஏது என்று கேட்கக்கூட இல்லை. "ஃபிரிட்ஜா?" என்றாள். அவர் தலையாட்டினார். "நான் அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

அவள் சொன்னது பொய்யில்லை. எல்லாம் போன வசந்தத்தில், இரண்டு குடும்பமும் முதன்முதலாகச் சந்தித்துச் சாப்பிட்ட அந்த மத்தியானத்தில் ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் அம்மா ஜொங்ரிம், புருஷனை இழந்து தனியாக மகனை வளர்த்தவள், நறுக்குத் தெறித்தாற்போலப் பேசுகிறவள், அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டாள்: சீர் என்று ஒரு குண்டூசிகூட வேண்டாம், பிள்ளைகள் இரண்டு பேரும் சம்பாதிக்கிறார்கள், வேண்டியதை அவர்களே சேர்ந்து வாங்கிக்கொள்ளட்டும். புத்தியுள்ள மனுஷன் என்றால் குனிந்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டு மீனில் இன்னொரு துண்டை எடுத்திருப்பான். மான்சொக் அப்படியா? உள்ளே இரண்டு கிண்ணம் சோஜு சாராயம் போயிருந்தது. ஆயுசில் பாதியைக் கம்பெனி சர்வீஸ் சென்டர் ஆளாக ஊர் ஊராக வீடு வீடாக ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்த்தே கழித்தவர், இப்போது ஜொன்ஜுவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறவர், தன் மகளை வெறுங்கையோடு அனுப்புவதா என்று ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஃபிரிட்ஜ் என் பொறுப்பு சம்பந்தியம்மா. ரெண்டு கதவு. புத்தம் புதுசு" என்றார். மேஜைக்கு அடியில் போக்ஹீ அவர் காலை மிதித்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

சொன்னதோடு, நல்ல மனசோடுதான் கடை கடையாக ஏறி இறங்கினார். டேப்பை எடுத்துக்கொண்டு தேஜொனுக்கே போய், பிள்ளைகள் வாடகைக்குப் பிடித்திருந்த ஒன்பதாம் மாடி வீட்டின் சமையலறையை அளந்தார். அந்த அடுக்குமாடிகளில் ஃபிரிட்ஜுக்கென்று அலமாரிகளுக்கு நடுவே ஒரு பொந்து விட்டிருப்பார்கள். அதற்குள் பெட்டி கச்சிதமாக உட்கார வேண்டும், இரண்டு பக்கமும் விரல் நுழைய இடம் வேண்டும், பின்னால் சூடு போக வழி வேண்டும். புதிதாக வந்திருந்த பெரிய பெட்டிகள் எதுவும் அந்தப் பொந்துக்குள் போகாது. போகிறவை சின்னவை, பார்த்தால் சீர் மாதிரியே இல்லை. நடுத்தரமாக ஒன்று இருந்தது. அதன் விலைச்சீட்டைப் பார்த்தும் பார்க்காதவர்போல வெளியே வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தானா அது கண்ணில் பட வேண்டும்? பழைய இரும்புக்காரனின் முற்றத்தில், ஏதோ கடையில் காட்சிக்கு வைத்திருந்து தூக்கிப் போட்ட இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். மூன்று வருஷத்துப் பெட்டி, சாம்பல் நிறம், வீட்டுப் பொந்துக்கு என்றே அளவெடுத்துச் செய்ததுபோன்ற உடம்பு. இடப்பக்கத்து ஃப்ரீசர் கதவு மட்டும் நசுங்கிக் கிடந்தது. மின்சாரம் கொடுத்துக் காதை வைத்துக் கேட்டார். கம்ப்ரஸர் பூனைக்குட்டி மாதிரி உறுமியது. புதுசு என்றால் என்ன, டப்பா பிரிக்காதது, அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் கை பட்டால் புதுசைவிட நன்றாகவே ஓடும் என்றும் சொல்லிக்கொண்டார். அந்தக் கர்வம்தான் மனுஷனைக் கவிழ்த்தது.

கதவைத் தேடி அலைந்ததில் இரண்டு கிடைத்தன. ஒன்று, அதே முற்றத்தில் சாய்ந்து கிடந்தது, அந்தப் பெட்டிக்கென்றே செய்த கதவு, அளவில் மயிரிழை பிசகாது. ஆனால் அது அதே மாடலில் வேறு நிறத்தில் வந்த பெட்டியினுடையது: திராட்சை ரசச் சிவப்பு, மேலிருந்து கீழ்வரை பெரிய பெரிய பூ, பூவின் நடுவில் பளபளக்கிற கல் பதித்தது. அப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு அப்படித்தான் வாங்கினார்கள், இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. இன்னொன்று அச்சு அசல் அதே சாம்பல், அதே கைப்பிடி. ஆனால் அது அடுத்த வருஷத்து மாடல், உயரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை அளவு குறைவு. சர்வீஸ் சென்டரில் யாராவது பையன் இப்படி ஒரு கதவைக் கொண்டுவந்து மாட்டியிருந்தால் மான்சொக் அவன் காதைத் திருகியிருப்பார். ஆனால் சீர் விஷயத்தில் கண்ணுக்குத் தெரிவதுதான் முக்கியம் என்று ஆகிவிட்டது. சாம்பல் கதவையே எடுத்தார்.

கீழ்க் கீலில் வாஷர் வைத்துத் தூக்கி, இரண்டு கதவின் தலையும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி செய்தார். அடியில் இடைவெளி விழுந்த இடத்தில் கதவு ரப்பரைச் சூடுகாட்டி இழுத்து, உள்ளே இன்னொரு ரப்பர் நாடாவைத் திணித்துப் பூசி மெழுகினார். முடுக்கிய ஸ்க்ரூ ஒவ்வொன்றின் தலையிலும் போக்ஹீயின் சிவப்பு நகப்பாலீஷால் ஒரு பொட்டு வைத்தார். ஸ்க்ரூ தளர்ந்தால் பொட்டு கோணும், உடனே தெரியும். அது அவருடைய பழக்கம், வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. பிறகுதான் பெரிய வேலை. இரண்டு கதவிலும் புதுப் பெட்டியில் இருப்பதுபோலப் பிளாஸ்டிக் தாள் ஒட்டினார், உள்தட்டுகளுக்கு நீல டேப் போட்டார், எங்கிருந்தோ ஒரு அட்டைப்பெட்டி சம்பாதித்துப் பட்டை கட்டினார். ரிப்பேர் செய்தது குற்றமில்லை ஐயா, உலகத்தில் நடக்கிறதுதான். அந்தத் தாளை ஒட்டினாரே, அதுதான் குற்றம்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஏணி லாரி வந்து, பெட்டியை ஒன்பதாம் மாடி ஜன்னல்வரை தூக்கி உள்ளே தள்ளியது. பொந்துக்குள் அது வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்த அழகைப் பார்த்து லாரிக்காரனே கைதட்டினான். ஜொங்ரிம் அம்மாள் அன்றைக்கு வந்திருந்தாள். வேண்டாம் என்றவள்தான், ஆனாலும் அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சி. தாளைத் தானே உரிக்கிறேன் என்று கேட்டு வாங்கி, மேல் மூலையில் நகத்தைக் கொடுத்து, குழந்தை மாதிரி சர்ரென்று இழுத்தாள். தன் கல்யாணத்தில் இப்படி ஒரு புதுச் சாமானைப் பிரிக்கிற பாக்கியம் தனக்கு இல்லை என்றாள். மான்சொக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கீழே இறங்கிவிட்ட லாரிக்காரனுக்கு ஏதோ ஜாடை காட்டினார்.

இப்போது அந்தத் தாளெல்லாம் கண்முன்னே வந்து நின்றது. அவர் மகளைப் போனில் கூப்பிட்டார்.

யோண்டு சொன்ன ஒவ்வொரு பதிலும் அவர் எதிர்பார்த்ததாகவே இருந்தது. இடப்பக்கம் ஐஸ்கிரீம் கல்லு மாதிரி இருக்கிறது. வலப்பக்கம் பால் திரிந்துபோயிற்று. ஒரு வாரம் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது, முந்தாநாளோடு அதுவும் நின்றுவிட்டது. இந்த மாதிரிப் பெட்டியில் குளிர் பிறப்பதெல்லாம் ஃப்ரீசர் பக்கத்தில்தான். அங்கிருந்து ஒரு சின்ன விசிறி தள்ளுகிற காற்றுதான் நடுச்சுவர் துவாரம் வழியாக அடுத்த பக்கம் போகும். எங்கோ வெளிக்காற்று உள்ளே நுழைந்து, ஈரம் உறைந்து, விசிறியைப் பனிக்கட்டி பிடித்துக்கொண்டது. சத்தம் விசிறி பனியில் அடிபட்ட சத்தம். சத்தம் நின்றது விசிறி செத்த சேதி.

ஒரு காகிதத்தை இடப்பக்கத்துக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பார்க்கச் சொன்னார். போனில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"மேல வரலப்பா. கீழ மூலையில வழுக்கிட்டு வந்துடுது" என்றாள் யோண்டு. பிறகு, "கிம்ச்சி பூராவும் புளிச்சுப்போச்சு. அத்தையோட சேர்ந்து போட்ட கிம்ச்சி" என்றாள்.

அதுதான் பெரிய அடி. குளிர்காலத்துக்கு முன்னால் மாமியாரும் மருமகளும் இரண்டு நாள் குந்தி உட்கார்ந்து, முட்டைக்கோஸில் காரம் தடவி ஊறப்போட்ட கிம்ச்சி. பிள்ளைகள் வீட்டில் கிம்ச்சிக்கென்று தனி ஃபிரிட்ஜ் இல்லாததால், வலப்பக்கத்துக் கீழ்த்தட்டு முழுக்க டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தது. பனிக்காலம் முடியும்வரை வர வேண்டியது மாதம் திரும்புவதற்குள் காடியாகிவிட்டது. சர்வீஸ் ஆளை வேண்டாம் என்று சொல்லிவிடு, நானே வருகிறேன் என்றார் மான்சொக். நேரம் குறித்ததே அத்தைதான், வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள் என்றாள் மகள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தேஜொனுக்குக் கிளம்பினார். பையில் ஹேர் டிரையர், புது ரப்பர், ஸ்க்ரூடிரைவர்கள். திட்டம் இதுதான்: ஆள் வருவதற்குள் பனியை உருக்கி, விசிறியைச் சுற்றவிட்டு, கீழே தடித்த ரப்பரை மாட்டிவிட்டால், "சரியாயிடுச்சு, சிரமம் வேண்டாம்" என்று வாசலோடு அனுப்பிவிடலாம். வருகிறவன் உள்ளே வந்தால் முதல் வேலையாக உள்சுவரில் ஒட்டியிருக்கிற மாடல் சீட்டைத்தான் படிப்பான். எந்த வருஷத்துப் பெட்டி என்று அதில் அச்சடித்திருக்கிறது. அன்றைக்கு அதைக் கிழிக்க அவருக்குக் கை வரவில்லை, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பழைய தொழில்காரன் குறுக்கே நின்றுவிட்டான். யார் படிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

யோண்டு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். முகம் வாடியிருந்தது. ஃப்ரீசரிலிருந்த மீனையும் கொழுக்கட்டைப் பொட்டலங்களையும் ஐஸ் பெட்டிக்கு மாற்றினாள். அவர் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே விசிறி இருந்த இடமே தெரியவில்லை, அவ்வளவும் வெள்ளை. ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றார். தண்ணீர் சொட்டச் சொட்ட மகள் துணியால் ஒற்றி எடுத்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. ஏன் கெட்டுப்போனது என்றுகூடக் கேட்கவில்லை. அவருக்கு அது அப்போதைக்கு நிம்மதியாக இருந்தது.

பாதிப் பனி உருகியிருக்கும், ஜொங்ரிம் அம்மாள் வந்துவிட்டாள். கையில் காலி டப்பாக்கள். புளித்ததை எடுத்துப்போய்க் குழம்பாவது வைக்கலாம் என்று வந்தவள். சம்பந்தி தரையில் மண்டியிட்டிருப்பதைப் பார்த்துப் பதறிப்போய், நீங்கள் எதற்கு இதையெல்லாம், கம்பெனிக்காரன் எதற்கு இருக்கிறான் என்று கைப்பிடித்துத் தூக்காத குறை. பிறகு ஒரு டப்பாவைத் திறந்து ஒரு துண்டு வாயில் போட்டாள். டப்பாவை மெதுவாக மூடினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வாசல் மணி அடித்தது. உள்ளே வந்தவனைப் பார்த்ததும் மான்சொக்குக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. தால்சு. ஜொன்ஜு சென்டரில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன், இந்த ஊருக்கு மாற்றலாகி வந்திருக்கிறான்.

"அண்ணே, நீங்களா?" என்று வாயெல்லாம் பல்லாக அவன் குனிந்து வணங்கினான். ஜொங்ரிம் அம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தெரிந்தவர்தானா, அப்படியானால் கவலையில்லை என்றாள். தால்சுவும் சும்மா இருந்தானா? இவர் காதை வைத்தாலே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார், எங்கள் சென்டரில் இவர்தான் ராஜா என்று அளந்துவிட்டான். நேற்று மாடல் நம்பர் படம் வரவே இல்லை, பரவாயில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றபடி வலப்பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினான்.

சீட்டைப் படித்தான். பேச்சு நின்றது. இடப்பக்கத்துக் கதவின் அடியில் விரலை ஓட்டினான். கீழ்க் கீலைப் பார்த்தான். அங்கே வாஷர் அடுக்கும், ஸ்க்ரூத் தலையில் சிவப்புப் பொட்டும் இருந்தன. அந்தப் பொட்டை அவன் தன் உத்தியோக காலம் முழுக்கப் பார்த்தவன். மெதுவாகத் திரும்பி மான்சொக்கைப் பார்த்தான். மான்சொக் கையிலிருந்த டிரையரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தால்சு நல்லவன். அதுதான் வினையாகப் போயிற்று. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு ஜொங்ரிம் அம்மாளிடம் சொன்னான்:

"பெட்டியில ஒண்ணும் கோளாறு இல்லம்மா. அடைச்சு அடைச்சு வச்சா காத்து எப்படிப் போகும்? கதவை வேற அடிக்கடி சரியா மூடாம விட்ருப்பாங்க. எல்லாம் புழங்குற விதந்தான்."

புழங்குகிற விதம். மான்சொக்குக்கு அந்த வார்த்தை பழக்கமானது. கோளாறு கண்டுபிடிக்க முடியாதபோதும், கண்டுபிடித்தது தங்கள் தலையிலேயே விடியும் என்று தெரிந்தபோதும், வேலைக்காரர்கள் வீட்டுப் பெண்கள்மேல் போட்டுவிட்டு வருகிற வார்த்தை. சென்டரில் டீ குடிக்கும்போது அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் எத்தனையோ வாசலில் நின்று அதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்கள் அப்புறம் மாமியாரிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஜொங்ரிம் அம்மாள் மருமகளைப் பார்த்தாள். கத்தவில்லை. "டப்பா அடுக்கும்போதே நான் சொன்னேன்ல, கொஞ்சம் இடம் விடுன்னு" என்றாள்.

"என் தப்புதான் அத்தை. மன்னிச்சிடுங்க" என்றாள் யோண்டு. சொல்லிக்கொண்டே ஒரு அடி பின்னால் நகர்ந்து, கதவோடு ஒட்டி நின்றுகொண்டாள். அவள் பாவாடை கீழ்க் கீலை மறைத்தது.

அப்போதுதான் மான்சொக்குக்கு உறைத்தது. ஏன் அவள் ஒன்றுமே கேட்கவில்லை, ஏன் மாடல் நம்பர் படம் போகவே இல்லை. சின்ன வயதில் கடையில் உட்கார்ந்து அம்மாவின் நகப்பாலீஷை வைத்துக்கொண்டு, "நான் வைக்கிறேன்பா, நான் வைக்கிறேன்பா" என்று ஸ்க்ரூக்களுக்குப் பொட்டு வைத்த பெண் அவள். முதல் வாரம் தரை துடைக்கக் குனிந்தபோதே பார்த்திருப்பாள். பார்த்துவிட்டு, இத்தனை மாதம், வந்தவர் போனவர் கேட்டதற்கெல்லாம் புதுசு புதுசு என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். தகப்பன் பொய்யைத் தூக்கிச் சுமந்துகொண்டு புகுந்த வீட்டில் சமைத்துப் போட்டிருக்கிறாள். அவருக்குக் காது மடல் இரண்டும் பற்றி எரிந்தன.

எல்லாம் முடிந்துவிட்டது, வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். தால்சு பையை மூடினான். ஜொங்ரிம் அம்மாள் அவனுக்குக் காபி கலக்கச் சொன்னாள். பிறகு, சம்பந்தியின் மனசு புண்பட்டிருக்குமோ என்று, அவர் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள்.

"நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க சம்பந்தி. எவ்வளவு ஆசையா, அளவெடுத்து, பாத்துப் பாத்து அனுப்பினீங்க. அருமை தெரியாம இவ பாழாக்கிட்டா. ஃபிரிட்ஜ்காரர் வீட்டுப் பொண்ணு, இதுகூடத் தெரியலையேன்னுதான் எனக்கு வருத்தம்."

யோண்டு தலையைக் குனிந்தபடி நின்றாள். அவள் கை கதவின் ஓரத்தைப் பிடித்திருந்தது. மான்சொக் அந்தக் கையைத்தான் பார்த்தார்.

"புள்ள ஒண்ணும் செய்யல" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி, உரக்கச் சொன்னார். "அவ மேல தப்பில்ல சம்பந்தியம்மா. இது புதுசு இல்ல. பழைய இரும்புக்கடையில எடுத்தது. அந்தக் கதவு இந்தப் பெட்டியோட கதவே இல்ல. நான்தான் மாட்டுனேன். நீங்க உரிச்ச தாளும் நான் ஒட்டுனதுதான்."

தால்சு கூரையைப் பார்த்தான். ரொம்ப நேரமாகத் திறந்தே கிடந்ததால் ஃபிரிட்ஜ் மட்டும் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. யோண்டு கதவை மூடினாள். அது நின்றது.

அந்த அம்மாள் கோபப்படுவாள் என்று நினைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்பாள் என்று நினைத்தார். அவள் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்தாள். தான் தாளை உரித்ததைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாளோ என்னவோ, நகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் ஃபிரிட்ஜ் கேக்கவே இல்லையே சம்பந்தி" என்றாள் கடைசியில். "பழசுன்னு சொல்லிக் குடுத்திருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? என் வீட்ல இருக்கிறது எல்லாமே பழசுதான்." பிறகு யோண்டு பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

யோண்டு தலையாட்டினாள்.

"எப்போருந்து?"

"வந்த வாரமே அத்தை."

ஜொங்ரிம் அம்மாளின் முகம் அப்போதுதான் மாறியது. "பாத்தீங்களா சம்பந்தி. இந்தப் பொண்ணை என்கிட்ட பேசவே பயப்படுற பொண்ணா ஆக்கி வச்சிருக்கீங்க. நான் ஏதோ கெடுபிடிக்காரி, அதனால இவ வாயத் தொறக்குறது இல்லேன்னு இத்தனை நாளா நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

மான்சொக் கூனிக்குறுகி நின்றார். அறுபது வயதில், கையில் ஒரு ஹேர் டிரையரோடு, தன்னிடம் வேலை பார்த்தவன் முன்னால், சம்பந்தி முன்னால், பெற்ற பெண்ணின் முன்னால். மன்னிப்புக் கேட்டு இடுப்பு வளையக் குனிந்தார். குனிந்தவருக்கு நிமிர மனசு வரவில்லை.

"இதைச் சரி பண்ண முடியுமா முடியாதா?" என்று கேட்டாள் ஜொங்ரிம் அம்மாள்.

முடியும் என்றார். பெட்டிக்குச் சொந்தமான கதவு ஒன்று ஜொன்ஜுவில் இருக்கிறது, அதை மாட்டினால் காற்று நுழையாது என்றார். கொஞ்சம் தயங்கி, "ஆனா அது சிவப்பு. பூப்போட்டது" என்றார்.

"மாட்டுங்க."

"கல்லெல்லாம் பதிச்சிருக்கும் சம்பந்தியம்மா. ஜதை சேராது. வேணும்னா நான் சாம்பல் பெயிண்ட் அடிச்சு..."

"பெயிண்ட் கியிண்ட் எல்லாம் வேணாம். அப்படியே மாட்டுங்க" என்றாள் அவள். "அப்படியேதான் இருக்கணும்."

அப்படியே மாட்டினார். அந்த வாரமே பழைய இரும்புக்காரன் முற்றத்தில் போய்ப் பார்த்தார். பூக்கதவு மழையில் நனைந்துகொண்டு அங்கேயேதான் சாய்ந்திருந்தது. கழுவித் துடைத்து, புது ரப்பர் போட்டு எடுத்துப்போனார். வாஷர் எதுவும் தேவைப்படவில்லை. கீலில் வைத்ததும் தன் இடம் தெரிந்ததுபோல உட்கார்ந்தது. யோண்டு காகிதத்தை மேலே வைத்து இழுத்தாள், நடுவில் வைத்து இழுத்தாள், கீழ் மூலையில் வைத்து இழுத்தாள். காகிதம் கிழிந்ததே தவிர வரவில்லை. மாப்பிள்ளை வேலை முடிந்து வந்து பார்த்தான், விஷயம் முழுதும் அவனுக்கு அதற்குள் தெரிந்திருந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். கிளம்பும்போது மகளிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று மான்சொக் வாசலில் செருப்பை மாட்டியபடி வெகுநேரம் நின்றார். வெளியே குளிர், கழுத்துத் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள் என்று அவள்தான் சொன்னாள்.

தள்ளித் தள்ளிப் போன புதுவீட்டு விருந்து ஜனவரியில் நடந்தது. ஜொங்ரிம் அம்மாளின் அக்கா தங்கைகள் எல்லாரும் புது வீட்டுக்குக் கொண்டுபோகிற வழக்கப்படி டிஷ்யூ ரோலும் சோப்புத்தூளும் கட்டிக்கொண்டு வந்தார்கள். மான்சொக் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். போக்ஹீ விடவில்லை, பண்ணினதுக்குப் போய் உட்காருங்கள் என்று இழுத்துவந்தாள். அவர் சமையலறைக்கு முதுகைக் காட்டி ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

அது எத்தனை நேரம் தாங்கும்? மூத்த அக்காக்காரி சமையலறைப் பக்கம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். "என்ன இது கூத்து? ஒரு கதவு சாம்பல், ஒரு கதவு கல்யாணப் பொண்ணாட்டம் இருக்கு?"

எல்லாத் தலையும் திரும்பியது. மான்சொக் தன் கிண்ணத்துக்குள் பார்த்தார். பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது.

"பழைய ஃபிரிட்ஜ் பெரியம்மா. அப்பா ரிப்பேர் பண்ணிக் குடுத்தது. அதோட சொந்தக் கதவு இதுதான்."

தடங்கல் இல்லாமல், குரலைத் தாழ்த்தாமல், மாமியார் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அவள் குரலை இவ்வளவு தெளிவாக அவர் கேட்டதில்லை. அதைக் கேட்டபோதுதான், இதற்கு முன் எப்படிப் பேசிக்கொண்டிருந்தாள் என்பதே அவருக்குத் தெரிந்தது.

"நல்லாக் குளிருது" என்றாள் ஜொங்ரிம் அம்மாள். "யோண்டு, கிம்ச்சி எடுத்து வை. சாப்பிட்டுப் பாக்கட்டும்."

அந்த அம்மாள் தன் வீட்டிலிருந்து இன்னொரு டப்பா கிம்ச்சி கொண்டுவந்து அந்த ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். யோண்டு தட்டில் எடுத்துவந்து முதலில் அப்பாவின் முன்னால் வைத்துவிட்டு, அவர் எடுக்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றாள். நிமிர்ந்து ஒருமுறை மகள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. முடியவில்லை. குனிந்தபடியே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சில்லென்று இருந்தது.